நடராஜரை ஒற்றைக் காலில் நிறுத்திய பேட்டரி

இருபது வயதில் ஒருவனுக்குத் திடீரென்று ரசனை வந்துவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் அவனைக் கொஞ்ச நாள் கண்காணிக்க வேண்டும். காதல் வந்தால்கூடப் பரவாயில்லை, நாலு பேர் திட்டினால் தெளிந்துவிடும். ரசனை அப்படித் தெளியாது. எனக்கு அது 2010-ஆம் வருஷம் வந்தது. யாரும் கண்காணிக்கவில்லை. பலனை என் தங்கை கயல் ஒற்றைக் காலில் நின்று அனுபவித்தாள்.

அப்போது நான் சிதம்பரத்தில் என்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். அதிலும் எலக்ட்ரானிக்ஸ். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்டுவதற்கு உதவும்.) வீடு கடலூர் செம்மண்டலத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அந்த வருஷம் எல்லார் கையிலும் ஒரு சைனா செல்போன் வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் நாலு ஸ்பீக்கர். முன் சீட்டில் ஒரு பாட்டு, பின் சீட்டில் ஒரு பாட்டு, டிரைவர் தலைக்கு மேல் தனியாக ஒரு பாட்டு. சிதம்பரத்தில் இறங்கும்போது எல்லாம் கலந்து ஒரே பாட்டாகக் காதில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருப்பது என் தகுதிக்குக் குறைவு என்று பட்டது. காரணம், பிரவுசிங் சென்டரில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டேன். செல்போன் பாட்டில் உயிர் இல்லையாம், கேசட்டில்தான் உயிர் இருக்கிறதாம், அங்கே இளைஞர்கள் எல்லாம் பழைய வாக்மேனைத் தேடித் தேடி வாங்குகிறார்களாம். அதற்குப் பெயர் ரெட்ரோ. படித்ததில் பாதி புரியவில்லை. புரியாத பாதிதான் என்னை ரொம்பவும் கவர்ந்தது.

புவனகிரியில் இருக்கும் சித்தப்பா முன்பு சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். அவரிடம் ஒரு வாக்மேன் இருந்தது எனக்கு நினைவில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன்.

"சித்தப்பா, அந்த வாக்மேன் இன்னும் இருக்கா?"

"பீரோ மேல கெடக்கும். எதுக்குடா?"

"பாட்டு கேக்கத்தான்."

சித்தப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "செல்ல தொலைச்சிட்டியா? உங்கப்பன்கிட்ட சொல்லாத இருக்கியா?"

நான் செல்லை எடுத்துக் காட்டினேன். பிறகு அனலாக் ஒலியின் மகத்துவத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன்னுடைய செல்லை என்னிடம் நீட்டினார்.

"அத நீயே வெச்சிக்க. பதிலுக்கு இதுல ஒரு ஐநூறு பாட்டு ஏத்திக் குடுத்துடு. அந்தச் சனியன வெச்சிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

புத்தியுள்ளவன் 'பட்ட பாடு' என்ற இடத்தில் நின்று, என்ன பாடு என்று கேட்டிருப்பான். நான் நாற்காலியைப் போட்டு பீரோ மேல் ஏறினேன்.

உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தது. சிதம்பரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர் வேறு பெல்ட் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு அது நன்றாகவே ஓடியது. அதில் ஒரு விசேஷம் உண்டு. கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் போட வேண்டாம், பக்கவாட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் அதுவாகவே மறுபக்கத்தைப் பாடும். நான் அந்தப் பட்டனைப் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர், கண்டக்டர், மீன்கூடையோடு ஏறும் பாட்டிமார் என்று ஒருவர் விடாமல் அமுக்கிக் காட்டினேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இருக்கும். என் கட்டைவிரலுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி பழகிப்போனது. (இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஹெட்போனில் இருந்த ஆரஞ்சு நிறப் பஞ்சு பழசாகி உதிரும். காலேஜுக்குப் போய்ச் சேரும்போது என் இரண்டு காதிலும் கேசரி ஒட்டியிருப்பது மாதிரி இருக்கும். பஸ்ஸில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்த ஒரு பெண் ஒருநாள் வாய் திறந்து கேட்டாள். எத்தனையோ நாள் நான் காத்திருந்த கேள்வி அது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அண்ணா, இது பிரஷர் பாக்குற மிஷினா?" என்றாள்.

இனி கயலுக்கு வருகிறேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறையில் பத்மா டீச்சர் நடத்திய வகுப்பில் நாலு வருஷமாகப் பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தாள். வயதுக்கு மீறிய உயரம் என்பதால் எப்போதும் பின் வரிசை, அதிலும் ஓரம். அவள் ஆடிய எந்த போட்டோவிலும் முன்னால் நிற்கும் பிள்ளையின் கொண்டைக்குப் பின்னால் ஒரு நெற்றிச்சுட்டி தெரியும், அதுதான் கயல் என்று அம்மா விருந்தாளிகளுக்குச் சொல்வாள்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம், கோயில் நவராத்திரி மேடையில் அவளுக்கு முதல் தடவையாகத் தனி ஆட்டம் கிடைத்தது. நடராஜர் பாட்டு. அது வெறும் ஆட்டம் இல்லை, பரீட்சை. அடுத்த சிவராத்திரிக்குச் சிதம்பரத்தில் டீச்சரின் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து ஆடப்போகிறார்கள். நடுவில் நடராஜராக நிற்கப்போவது யார் என்பதை இந்த மேடையைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கயல் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்றாள். டிவி பார்க்கும்போது நின்றாள். நின்றபடியே தோசை கேட்டாள். நடு இடத்துக்காக அந்தப் பிள்ளை எப்படித் தவித்தது என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது. அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பத்மா டீச்சரின் சட்டம் ஒன்று உண்டு. எல்லாப் பிள்ளைகளும் அதை ஒப்பிப்பார்கள். "பாட்டு முடியற வரைக்கும் ஆட்டம் நிக்கக் கூடாது. பாட்டு என்னா சொல்லுதோ கால் அதத்தான் கேக்கணும். பந்தலே சரிஞ்சி வுழுந்தாலும் மொகத்துல சிரிப்பு மாறக் கூடாது."

டீச்சர் கொடுத்த பாட்டு கேசட்டில் இருந்தது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு நடராஜர். மறுபக்கத்தின் முதல் பாட்டு, சின்னப் பிள்ளைகள் ஆடும் பாம்பு நடனம். அம்மா முன்யோசனைக்காரி. நடராஜர் பாட்டை மட்டும் ஒரு கடையில் கொடுத்து சிடியில் ஏற்றி வாங்கிவந்துவிட்டாள். அந்த சிடியைப் பார்த்ததும் என் ரசனை கொதித்தது.

"கயலு, வாக்மேன்லேர்ந்து நேரா ஆம்ப்ளிபயருக்குக் குடுத்துடலாம். சிடியில ஜதிக்கு உயிர் இருக்காது."

"உயிரெல்லாம் நான் குடுத்துக்கறேன். நீ பாட்ட மட்டும் போடுண்ணா."

பதின்மூன்று வயதுப் பெண் இவ்வளவு தெளிவாகப் பேசியும் எனக்கு ஏறவில்லை.

சரஸ்வதி பூஜை காலையில் அம்மா சாமி படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் அடுக்கினாள். என் பாடப் புத்தகங்கள் (வருஷத்தில் அவற்றை யாராவது தொடுகிற ஒரே நாள்), அப்பாவின் கைக்கடிகாரம், ஸ்கூட்டர் சாவி, கயலின் சலங்கை, அந்த சிடி. நானும் என் பங்குக்கு, டீச்சரின் கேசட்டை உள்ளே போட்டு, வாக்மேனை வைத்தேன். பக்கத்தில் இந்த நிகழ்ச்சிக்கென்றே வாங்கிய இரண்டு புது பேட்டரிகளைப் பாக்கெட் பிரிக்காமல் வைத்தேன். அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். வாக்மேன் நெற்றியில் பொட்டோடு புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பும்போதுதான் சிக்கல் தெரிந்தது.

"பூஜையில வெச்சத எடுக்கக் கூடாதுடா. நாளைக்குக் காலையில புனர்பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும்" என்றாள் அம்மா.

"அப்ப கயலு சலங்கை இல்லாத ஆடுவாளா?"

அம்மா யோசித்தாள். கற்பூரம் ஏற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு சரஸ்வதியின் சார்பில் தீர்ப்புச் சொன்னாள். "சலங்கை ஒன்னு. பாட்டுக்கு ஒன்னு. அவ்ளோதான். அதுக்கு மேல எதுலயாவது கை வெச்சீங்க, படிப்பு, ஆட்டம் எல்லாம் போயிடும்."

கயல் சலங்கையை எடுத்தாள். அடுத்து அவள் கை சிடியை நோக்கிப் போனது. என் கை நீளம். வாக்மேனை எடுத்துவிட்டேன்.

அம்மாவும் கயலும் ஆட்டோவில் ஏறியபோதுதான், தீர்ந்த பழைய பேட்டரியை எறிந்துவிட்டேன், வாக்மேனில் இப்போது பேட்டரியே இல்லை என்பது உறைத்தது. புது பேட்டரி பூஜையில் இருந்தது. எடுத்தால் மூன்றாவது பொருள் ஆகிவிடும். வாங்கலாம் என்றால் கடைகள் எல்லாம் ஆயுத பூஜைக்கு மூடியிருந்தன. (நான் அறிவியல் படித்தவன்தான். ஆனாலும் செமஸ்டர் பரீட்சை பக்கத்தில் இருந்தது.) சுற்றிப் பார்த்தேன். ஹாலில் சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. படுக்கையறையில் இன்னொன்று. அங்கேதான் என் எலக்ட்ரானிக்ஸ் மூளை வேலை செய்தது. ஹால் கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக ராப்பகலாக ஓடுகிற பேட்டரி என்றால் அது எவ்வளவு பலசாலியாக இருக்க வேண்டும்! ஆறு நிமிஷப் பாட்டு அதற்கு எம்மாத்திரம்! இரண்டு கடிகாரத்திலிருந்தும் ஒவ்வொன்று கழற்றிப் போட்டுக்கொண்டேன். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஏழு மணி ஆட்டத்துக்கு ஆறரைக்குக் கிளம்பி வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் தலைக்கு மேல் கடிகாரம் ஐந்து பத்தில் நின்றது.

மேடைக்குப் பக்கத்தில் மைக்செட் குமரேசன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மற்றப் பிள்ளைகளின் பாட்டெல்லாம் அவருடைய சிடி பிளேயரில் சிக்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் பொட்டு வைத்த வாக்மேனை நீட்டினேன்.

"தம்பி, இது என்னா?"

"வாக்மேன்ண்ணே."

"அது தெரியுது. இத எதுக்கு எடுத்தாந்த?"

"சவுண்டுல உயிர் இருக்கும்ண்ணே."

"பேட்டரி புதுசா?"

"சூப்பர் பேட்டரிண்ணே. ரெண்டு வருஷமா ஓடுது."

குமரேசன் அண்ணன் ஒயரைச் சொருகிக் கொடுத்துவிட்டு, தன் நாற்காலியை ஓர் அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

திரை விலகியது. கயல் நின்றாள். பட்டனை அமுக்கினேன். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமான சத்தம். மிருதங்கம் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. நான் குமரேசன் அண்ணனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். கயல் அப்படி ஆடினாள். பின் வரிசை ஓரத்தில் இத்தனை வருஷம் இப்படி ஒருத்தியா இருந்தாள் என்று எனக்கே ஆச்சரியம். முன் வரிசையில் பத்மா டீச்சர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நாலாவது நிமிஷத்தில் பாடகியின் குரல் கொஞ்சம் கனத்தது. உருக்கமாகப் பாடுகிறார் என்று நினைத்தேன். அடுத்த வரியில் பாடகி பாடகரானார். மிருதங்கம் யாரோ அரிசி மூட்டையைத் தட்டுவது மாதிரி கேட்டது. கயலுக்கும் புரிந்துவிட்டது. ஆனால் சட்டம் இருக்கிறதே. பாட்டு என்ன சொல்கிறதோ கால் அதைத்தான் கேட்க வேண்டும். பாட்டு மெதுவாகப் போகச் சொன்னது, அவளும் போனாள். தூக்கிய கால் தரைக்கு வந்து சேர ஒரு யுகம் ஆனது. திரும்பிய கழுத்து திரும்பிக்கொண்டே இருந்தது. முகத்தில் சிரிப்பு மட்டும் மாறவில்லை.

எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "எவ்ளோ நிதானமா ஆடுது பாரு. இப்பத்துப் புள்ளைங்களுக்கு இந்தப் பொறுமை ஏது?" என்றார்.

கடைசி ஜதி வந்தது. எருமை ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து 'தா...ம்... தி...த்...தா...ம்...' என்று சொன்னது. கயல் வலது காலை ஊன்றி, இடது காலைத் தூக்கிக் குறுக்கே வீசி, நடராஜராக நின்றாள். இன்னும் ஒரே ஒரு 'தை' வர வேண்டும். அது வந்தால் காலை இறக்கி வணங்கி உள்ளே போகலாம்.

அந்த 'தை' வரவில்லை. வாக்மேன் நின்றுவிட்டது.

கோயில் வளாகமே நிசப்தம். நடராஜர் ஒற்றைக் காலில் நிற்கிறார். நான் பேட்டரிகளைக் கழற்றினேன். எங்கள் ஊரில் தீர்ந்துபோன பேட்டரிக்கு ஒரே வைத்தியம்தான் உண்டு, பல்லால் கடிப்பது. கடித்தால் கொஞ்சம் உயிர் வரும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை.

"நீ என்னா தம்பி படிக்கிற?" என்றார் குமரேசன் அண்ணன்.

"எலக்ட்ரானிக்ஸ்ண்ணே."

"கடி" என்றார்.

கடித்தேன். ஒன்று வழுக்கிக் கீழே விழுந்து ஜமுக்காளத்துக்கு அடியில் உருண்டது. தேடி எடுத்து, மண்ணோடு மறுபடியும் கடித்தேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும் என்று நான் சொல்வேன். கால் மணி நேரம் என்று கயல் சொல்வாள். நிமிர்ந்து பார்த்தபோது அவள் ஊன்றிய கால் நடுங்க ஆரம்பித்திருந்தது. உதடு சிரித்தது. கண் மட்டும் என் பக்கம் திரும்பி, பாட்டு எங்கே அண்ணா என்று கேட்டது. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது கெஞ்சியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பேட்டரியைப் போட்டு மூடி பட்டனை அமுக்கினேன். மூச்சு விடுகிற மாதிரி பழகிப்போன கட்டைவிரல், ஊரெல்லாம் காட்டிப் பெருமையடித்த அந்த இன்னொரு பட்டனையும் தானாகவே அமுக்கியது. வாக்மேன் சமர்த்தாக மறுபக்கத்தைப் பாட ஆரம்பித்தது.

மகுடி. பாம்பு நடனம்.

பத்மா டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கயல் ஒரு கணம்தான் யோசித்தாள். பாட்டு முடியவில்லை, எனவே ஆட்டமும் நிற்கக் கூடாது. குறுக்கே நீட்டியிருந்த கை மெல்ல நெளிந்தது. விரல்கள் குவிந்து படமெடுத்தன. தூக்கிய கால் மகுடிக்கு ஏற்ப வளைந்து வளைந்து தரைக்கு இறங்கியது. நடராஜர் நின்ற இடத்தில் ஒரு நாகம் சீறி எழுந்தது.

கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். "ஐயோ! நடராஜர் கழுத்துல இருந்த பாம்பு எறங்கிடுச்சிடி!"

அவ்வளவுதான். கைதட்டல், குலவை. ஒரு தாத்தா கற்பூரத்தைத் தேடினார். கடித்த பேட்டரிக்கு ஒரு நிமிஷம்தான் ஆயுள். மகுடியும் இழுக்க ஆரம்பித்தது. பாம்பும் களைத்தது. மகுடி முனகியபோது அது சுருண்டது. மகுடி அடங்கியபோது தரையில் தலை வைத்துப் படுத்துவிட்டது. குமரேசன் அண்ணன் திரையை இழுக்கச் சொல்லிக் கை காட்டினார்.

சரியாக அந்த நேரத்தில் அப்பா வியர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தார். "என்னாடா, எப்பப் பாத்தாலும் மணி அஞ்சு பத்தாவே இருக்கு" என்றார். அவர் பார்த்தது கடைசி அரை நிமிஷம்தான். இன்றைக்கும் அவரைப் பொறுத்தவரை கயலின் முதல் தனி ஆட்டம் பாம்பு டான்ஸ், அவள் அதை ரொம்ப நன்றாக ஆடினாள்.

மேடைக்குப் பின்னால் கயல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு மணி நேரம் நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். காலைக் கொடுத்தாளே தவிர, பேச்சைக் கொடுக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி வகுப்பில் பத்மா டீச்சர் தீர்ப்புச் சொன்னார். அம்மா வந்து அதை அப்படியே சொல்லிக் காட்டினாள். "பாட்டே இல்லாத அவ்ளோ நேரம் கால எறக்காத நின்ன புள்ளய நான் எங்கயும் பாத்ததில்ல. சிதம்பரத்துல கயலுதான் நடுவுல. ஆனா அவங்க அண்ணன் அன்னைக்கி அந்த ஊர்லயே இருக்கக் கூடாது."

சிவராத்திரி அன்று மத்தியானமே நான் சிதம்பரத்தை விட்டு வெளியேற்றப்பட்டேன். மொத்தக் குடும்பமும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போகிறது, நான் மட்டும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போகிறேன். புதுச்சத்திரம் பக்கத்தில் ரோடு வேலை நடந்த இடத்தில் இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே நின்றன. எதிர் ஜன்னலில் பாதி மேக்கப்போடு கயல். நாலைந்து மாதமாக என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவள். என்னைப் பார்த்ததும் ஜன்னல் கம்பி வழியாக இரண்டு விரலை நீட்டிக் காட்டினாள். ரெண்டு பேட்டரி இருக்கா? நான் பையைத் துழாவி, அந்தப் பூஜைப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினேன். குங்குமம்கூடப் போகாமல், பிரிக்காமல் வைத்திருந்தேன். கயல் சிரித்தாள். மேடைச் சிரிப்பு இல்லை, வாய் கொள்ளாத அவளுடைய சொந்தச் சிரிப்பு. பஸ் நகர்ந்த பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதிலிருந்து அவள் எந்த மேடை ஏறினாலும், பூமியைத் தொட்டு வணங்கியதும் கூட்டத்தில் என்னைத் தேடுவாள். இரண்டு விரல் நீட்டுவாள். நான் சட்டைப் பையிலிருந்து இரண்டு புது பேட்டரியை எடுத்துக் காட்டினால்தான் ஆட்டம் தொடங்கும். பாட்டு லேப்டாப்பில் ஓடிய காலத்திலும் இதில் மாற்றம் இல்லை. என் கல்யாணத்தில் தாலி கட்டும் முன்பும் மணவறைக்குக் கீழே நின்று இரண்டு விரல் நீட்டினாள். பட்டு வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன். என் மனைவி வீட்டார் அதை எங்கள் குலவழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது கயலே செம்மண்டலத்தில் வகுப்பு நடத்துகிறாள். போன மாதம் அவளிடம் படிக்கும் ஒரு பெண், இணையத்தில் வாங்கிய பழைய வாக்மேனோடு வந்து, "மிஸ், இதுல சவுண்டுக்கு உயிர் இருக்கு மிஸ்" என்றாளாம். கயல் எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, உன் வியாதி திரும்ப வந்துடுச்சி. இந்தத் தடவ என் கிளாசுக்கு."

அந்தப் பிள்ளைகளின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். திரை விலகியது. இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து பூமியைத் தொட்டு வணங்கினார்கள். நிமிர்ந்தார்கள். இருபது பேரும் ஒரே நேரத்தில் இரண்டு விரலை நீட்டினார்கள். டீச்சர் செய்வதைப் பார்த்து, அதுவும் வணக்கத்தில் ஒரு பகுதி என்று கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சார், அந்த ரெண்டு விரலுக்கு என்னா அர்த்தம்?" என்று பக்தியோடு கேட்டார்.

நான் சட்டைப் பையிலிருந்து இரண்டு பேட்டரியை எடுத்துக் காட்டினேன். அந்த அம்மா தன் நாற்காலியை ஓர் அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.